சொந்த ஓஎஸ் எழுதும்போது பாதியில் நின்றுவிடாமல் இருக்க

சொந்தமாக ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுத உட்காருபவர்களில் பலர் நின்றுபோகும் இடம் ஒன்றேதான். திரையில் முதல் வரி வந்துவிடும். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருக்கும். அடுத்து இன்டரப்டைத் (டைமர், கீபோர்டு போன்றவை செயலியைக் கூப்பிடும் சைகை) திறந்ததும் மெஷின் தானாக ரீபூட் ஆகும். பிழைச் செய்தி கிடையாது, வரி எண் கிடையாது. மறுபடி ஓட்டினால் மறுபடி ரீபூட். நாலைந்து மாலை இப்படியே போனால் லேப்டாப்பைத் திறக்கவே மனசு வராது.

"அவனுக்குப் பொறுமை இல்லை" என்று இதைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஆளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லாமல் போனதுதான் விஷயம். எழுதிய வரிக்கும் அதன் விளைவைக் கண்ணால் பார்ப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் அலுப்பு வரும். அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே போனால், சாதாரண சுபாவம் உள்ளவர்கூட வருஷக்கணக்கில் இதில் இருக்க முடியும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள். சேலத்திலோ ஏற்காட்டு மலையிலோ இருந்து இதைச் செய்பவர்களுக்கு வெயில், மின்தடை, இடி என்று தனித் தொல்லைகள் உண்டு; அவையும் அங்கங்கே வரும்.

தொடங்கும் முன்

எங்கே போய் நிற்கப்போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "யூஎஸ்பியில் பூட் ஆகி, ஷெல் (கட்டளை வாங்கும் நிரல்) வந்து, ஒரு தமிழ் டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து திரையில் காட்ட வேண்டும்" என்பது நல்ல வாக்கியம். அது முடிந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். "லினக்ஸ் மாதிரி ஒன்று" என்பதற்கு முடிவே கிடையாது. எவ்வளவு செய்தாலும் ஒன்றும் செய்யாத மாதிரியே இருக்கும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ வேறு எங்கோ இறுதியாண்டு ப்ராஜெக்டாக இதை எடுப்பவர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். இரண்டு திரெட் (மாறி மாறி ஓடும் வேலைகள்), ஒரு சின்ன ஃபைல் சிஸ்டம், ஒரு ஷெல். நெட்வொர்க் வேண்டாம், ஜன்னல் வைத்த டெஸ்க்டாப்பும் வேண்டாம்.

பூட்லோடரை (மெஷின் எழுந்ததும் கெர்னலை, அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியை, ஏற்றித் தரும் நிரல்) நீங்களே எழுதாதீர்கள். கற்றுக்கொள்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்ப்பது நல்லதுதான்: 512 பைட்டு, கடைசி இரண்டு பைட்டு ஹெக்ஸ் 55 ஏஏ, பயாஸ் அதை 7சி00 முகவரியில் ஏற்றும். ஆனால் அதையே அடித்தளமாக வைத்துக்கொண்டால், டிஸ்க்கில் இருந்து எத்தனை செக்டர் படிக்கச் சொல்லி எழுதினீர்களோ அதைத் தாண்டி கெர்னல் வளர்ந்த அன்று எல்லாம் நின்றுபோகும். கோடில் நேற்று சேர்த்த பத்து வரியில் தப்பு தேடுவீர்கள். தப்பு இருப்பது மூன்று மாதம் முன்பு எழுதிய பூட்லோடரில். கிரப் அல்லது லிமைன் என்ற தயார் பூட்லோடரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரப்பில் மல்டிபூட் தலைப்பு (இது கெர்னல் என்று கிரப்புக்குக் காட்டும் அடையாளம்) கெர்னல் ஃபைலின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்க வேண்டும் (மல்டிபூட் 2 என்றால் 32768). லிங்கர் ஸ்கிரிப்டில் (எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் ஃபைல்) அந்தப் பகுதியை முதலில் வைக்காவிட்டால், கெர்னல் பெரிதானதும் தலைப்பு பின்னுக்குப் போய், நேற்றுவரை பூட் ஆனது இன்று ஆகாது.

எந்தச் செயலி? வீட்டில் இருக்கும் பழைய பிசியில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை). கெர்னல் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம் என்றால் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி எவ்வளவோ சுத்தம். கியூஎமுவின் (முழுக் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) 'விர்ட்' மெஷினில் சீரியல் போர்ட் ஹெக்ஸ் 10000000 முகவரியில், ரேம் ஹெக்ஸ் 80000000 முகவரியில் தொடங்கும். எம்ஐடியின் பாடத்துக்கான எக்ஸ்வி6 கெர்னல் இப்போது ரிஸ்க்-ஃபைவில்தான் இருக்கிறது. பத்தாயிரம் வரிக்கும் குறைவு, முழுவதையும் படித்து முடிக்கலாம். சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இதே கட்டளைத் தொகுதிதான். எதை எடுத்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். இங்கே எக்ஸ்86 எடுத்தவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறோம்.

கம்பைலரும் கோடை வெயிலும்

சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள ஜிசிசி கம்பைலரை வைத்தே தொடங்கினால் கொஞ்ச நாள் ஓடும். பிறகு அது லினக்ஸுக்கென்று சேர்க்கும் விஷயங்கள் உங்கள் கெர்னலுக்குள் நுழைந்து புரியாத பிழைகளைத் தரும். தனி கிராஸ் கம்பைலர் (வேறொரு சிஸ்டத்துக்காகக் கம்பைல் செய்வது) வேண்டும். ஜிசிசியை மூலத்திலிருந்து கட்டினால் சாதாரண லேப்டாப்பில் அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், டிஸ்க்கில் சில ஜிபி போகும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று லைப்ரரிகளின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களையும் டெக்ஸ்இன்ஃபோவையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். அவை இல்லாமல் நடுவழியில் நிற்பதுதான் வழக்கமான தொல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது லேப்டாப் சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். விடிகாலையில் ஓட்டுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வரும், அன்று இதைத் தொடங்க வேண்டாம். பாதியில் நின்றாலும் பயமில்லை. அதே ஃபோல்டரில் மறுபடி மேக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்குக் கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இருக்கிறது. எந்த இலக்குக்கும் கம்பைல் செய்யும் திறன் அதற்குள்ளேயே உண்டு. டார்கெட் தேர்வைக் கொடுத்து, எல்எல்டி லிங்கரைச் சேர்த்தால் முடிந்தது. முதல் வார உற்சாகத்தை ஒரு கம்பைலர் கட்டுவதில் கரைக்காமல் இருக்க இதுவே நல்ல வழி என்று நினைக்கிறோம்.

64-பிட் கெர்னல் என்றால் ரெட் ஸோனை அணைக்கும் தேர்வை முதல் நாளே மேக்ஃபைலில் போட்டுவிடுங்கள். ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே 128 பைட்டைக் கம்பைலர் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். இன்டரப்ட் வந்தால் செயலி அதே இடத்தில் எழுதிவிடும். விளைவு: எப்போதாவது ஒருமுறை, எங்கேயோ ஒரு மாறியின் மதிப்பு மாறும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பது போலக் கொடுமையான வேலை இந்தத் துறையில் குறைவு.

முதலில் கண், பிறகு கை

திரையில் எழுத்து வருவதற்கும் முன்னால் சீரியல் போர்ட்டில் எழுத்து வர வேண்டும். காம்1 போர்ட் ஹெக்ஸ் 3எஃப்8. 3எஃப்டி போர்ட்டில் 5 என்ற எண்ணுள்ள பிட் (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்) 1 ஆகும்வரை காத்திருந்து, ஒரு பைட்டை 3எஃப்8க்கு அனுப்பினால் போதும். இருபது வரிக் கோடு. கியூஎமுவில் சீரியலை டெர்மினலுக்குத் திருப்பும் தேர்வைக் கொடுத்தால் எல்லாம் உங்கள் டெர்மினலிலேயே வந்து விழும், மேலே உருட்டிப் பார்க்கலாம், ஃபைலில் சேமிக்கலாம். திரையில் 25 வரி தாண்டினால் பழையது போய்விடும், சீரியலில் போகாது.

அடுத்தது எக்ஸப்ஷன் ஹேண்ட்லர் (செயலி பிழையைக் கண்டதும் கூப்பிடும் கோடு). பேஜிங் (முகவரிகளைப் பக்கம் பக்கமாக நிஜ மெமரியோடு பொருத்துவது), மெமரி, திரெட் எதையும் தொடும் முன், முதல் 32 வெக்டருக்கும் (ஒவ்வொரு பிழைக்கும் இன்டரப்டுக்கும் உள்ள எண்) ஒரு ஹேண்ட்லர் எழுதி, எது வந்தாலும் வெக்டர் எண், பிழைக் குறியீடு, எந்த முகவரியில் நின்றது, எல்லா ரிஜிஸ்டரும், சிஆர்2 ஆகியவற்றைச் சீரியலில் கொட்டிவிட்டு நிற்கச் செய்யுங்கள். நின்ற முகவரியை அட்ரஸ்-டு-லைன் கருவியிடம் கொடுத்தால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும். 'மறுபடி ரீபூட் ஆயிடுச்சு' என்ற புலம்பல் இதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வெக்டர் 14 என்றால் பேஜ் ஃபால்ட், சிஆர்2வில் இருப்பது தொட முயன்ற முகவரி. குறியீட்டின் முதல் பிட் 0 என்றால் அந்தப் பக்கமே இல்லை, 1 என்றால் இருக்கிறது ஆனால் அனுமதி இல்லை. இரண்டாம் பிட் எழுதும்போதா படிக்கும்போதா என்று சொல்லும். மூன்றாம் பிட் யூஸர் பக்கத்திலிருந்தா என்று சொல்லும்.

ஹேண்ட்லரே சரியாக அமையும் முன் டிரிப்பிள் ஃபால்ட் (ஃபால்ட்டைக் கையாளும்போதே அடுத்தடுத்து ஃபால்ட் வந்து மெஷின் ரீபூட் ஆவது) வந்தால்? கியூஎமுவில் ரீபூட் வேண்டாம் என்ற தேர்வையும், ஒவ்வொரு இன்டரப்டையும் லாக் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். கேவிஎம்மை (கியூஎமுவை வேகப்படுத்தும் லினக்ஸ் வசதி) அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அது ஓடும்போது இந்த லாக் வராது. லாக்கின் கடைசியில் பொதுவாக ஒரு சங்கிலி இருக்கும்: ஏதோ ஒரு ஃபால்ட், அடுத்து வெக்டர் 8, அதன் பின் டிரிப்பிள் ஃபால்ட். குற்றவாளி அந்தச் சங்கிலியின் முதல் ஆள். கடைசி வரியையே பார்த்துக்கொண்டு டபுள் ஃபால்ட்டை ஆராய்பவர்கள் ஒரு வாரத்தை அதிலேயே தொலைத்துவிடுகிறார்கள்.

மேக் ரன் என்று ஒரு கட்டளை. அதில் கம்பைல், லிங்க், இமேஜ், கியூஎமு எல்லாம் ஐந்து நொடிக்குள் நடக்க வேண்டும். இன்னொரு கட்டளை மேக் டெஸ்ட். கியூஎமுவில் டீபக்-எக்ஸிட் என்ற சாதனத்தை எஃப்4 போர்ட்டில் வைத்தால், கெர்னல் அந்தப் போர்ட்டில் எழுதும் எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டிய குறியீட்டோடு கியூஎமு வெளியேறும். 16 எழுதினால் 33. அதைப் பார்த்து 'பாஸ்' என்று காட்ட ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். நேற்று வேலை செய்தது இன்றும் வேலை செய்கிறது என்று ஒரே கட்டளையில் தெரிவது, இந்த வேலையில் கிடைக்கும் பெரிய நிம்மதி.

இவற்றையெல்லாம் அமைக்க மூன்று வாரம் போகும், வெளியே காட்ட ஒன்றும் இருக்காது. அம்மாபேட்டைத் தறிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பாவு ஏற்றி முடியும்வரை ஒரு முழம் துணி வராது. இந்த மூன்று வாரத்தைத் தவிர்த்தவர்கள் பிறகு மூன்று மாதம் கொடுக்கிறார்கள்.

ஆள் விழும் குழிகள்

சில பிழைகள் எல்லோருக்கும் வரும். அறிகுறியை வைத்து அடையாளம் கண்டுவிட்டால் ஒரு மாலையில் முடியும். இல்லாவிட்டால் அங்கேயே ப்ராஜெக்ட் முடிந்துவிடும். ஆகவே இந்தப் பகுதியை நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்டரப்டைத் திறந்த நொடியே டபுள் ஃபால்ட் வருகிறதா? அது பெரும்பாலும் நிஜமான டபுள் ஃபால்ட் இல்லை. பிசியின் பழைய இன்டரப்ட் கன்ட்ரோலர் டைமரை வெக்டர் 8ல் கொண்டுவந்து போடும். செயலியின் கணக்கில் 8 என்றால் டபுள் ஃபால்ட். கன்ட்ரோலரை ஹெக்ஸ் 20க்கும் 28க்கும் நகர்த்திய பிறகே இன்டரப்டைத் திறக்க வேண்டும்.

கீபோர்டில் ஒரு எழுத்து வந்து பிறகு செத்துப்போனால் இரண்டு காரணம். ஹெக்ஸ் 60 போர்ட்டில் உள்ள ஸ்கேன்கோடை (எந்த விசை என்று சொல்லும் எண்) படிக்கவில்லை, அல்லது 'முடிந்தது' என்ற சைகையைக் கன்ட்ரோலருக்கு அனுப்பவில்லை. இரண்டாம் கன்ட்ரோலரில் இருந்து வரும் இன்டரப்ட் என்றால் இருவருக்கும் அனுப்ப வேண்டும்: ஹெக்ஸ் ஏ0 போர்ட்டுக்கும் ஹெக்ஸ் 20 போர்ட்டுக்கும்.

ஹேண்ட்லர் ஓடி முடிந்து திரும்பும்போது எங்கேயோ தாவுகிறது என்றால் பிழைக் குறியீட்டைப் பாருங்கள். 8, 10 முதல் 14 வரை, 17 ஆகிய வெக்டர்களில் செயலி ஸ்டாக்கில் கூடுதலாக ஒரு குறியீட்டைத் தள்ளும். மற்ற பெரும்பாலானவற்றில் தள்ளாது. தள்ளாதவற்றில் நீங்களே ஒரு பூஜ்யத்தைத் தள்ளி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, திரும்பும் முன் அதை நீக்கிவிட வேண்டும். சி ஃபங்ஷனையே நேரடியாக ஹேண்ட்லராகக் கொடுத்தாலும் இதே கதி. அது சாதாரண ரிட்டர்னில் திரும்பும், இன்டரப்ட்டுக்கு ஐரெட் என்ற தனிக் கட்டளை வேண்டும்.

பேஜிங்கை இயக்கிய அடுத்த கட்டளையிலேயே விழுகிறதா? இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோடு இருக்கும் பக்கத்தை மேப் செய்ய மறந்திருப்பீர்கள், அல்லது சிஆர்3யில் (பேஜ் டேபிள் இருக்கும் இடத்தைச் சொல்லும் ரிஜிஸ்டர்) விர்ச்சுவல் முகவரியைப் போட்டிருப்பீர்கள். அங்கே ஃபிஸிக்கல் முகவரிதான் வேண்டும். மேப்பை மாற்றிய பிறகும் பழைய மதிப்பே வருகிறது என்றால் டிஎல்பியில் (மேப்பைச் செயலி நினைவில் வைத்திருக்கும் இடம்) பழைய பதிவு இருக்கிறது. இன்வல்பேஜ் கட்டளை கொடுங்கள்.

ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓடுகிறது, போட்டால் ஓடவில்லை. கம்பைலரைச் சந்தேகப்படாதீர்கள். இன்டரப்ட் மாற்றும் மாறியில் வாலடைல் இல்லை, அல்லது இன்லைன் அசெம்பிளியில் எந்த ரிஜிஸ்டர் கெடும் என்று சொல்லவில்லை, அல்லது மேலே சொன்ன ரெட் ஸோன்.

திரெட் மாற்றுவதில் ஒரு பிழை தனியாகச் சொல்லத் தகுந்தது. முதல் திரெட் ஓடும், இரண்டாவது ஓடும், பிறகு இரண்டாவதே ஓடிக்கொண்டிருக்கும். டைமர் ஹேண்ட்லருக்குள்ளிருந்து புதுத் திரெட்டுக்குத் தாவும்போது இன்டரப்ட் மூடியே இருக்கிறது. பழைய திரெட் என்றால் ஐரெட் வழியாகத் திரும்பித் திறந்துகொள்ளும். புதிதுக்கு அந்த வழி இல்லை. புதுத் திரெட்டின் முதல் வேலையாக இன்டரப்டைத் திறக்க வேண்டும், கன்ட்ரோலருக்கான சைகையைத் தாவும் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

லோக்கல் மாறியாகப் பெரிய அரேயை வைப்பதும் கெர்னலில் ஆபத்து. 16 கேபி ஸ்டாக்கில் 8 கேபி பஃபர் வைத்து, அதிலிருந்து அதே அளவு பஃபர் உள்ள இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஸ்டாக் கீழே வழிந்து பக்கத்து டேட்டாவை அழிக்கும். யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஸ்டாக்குக்குக் கீழே ஒரு பக்கத்தை மேப் செய்யாமல் விட்டால் வழிந்த உடனே பேஜ் ஃபால்ட் வரும். அதன் ஹேண்ட்லருக்குத் தனி ஸ்டாக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது டிரிப்பிள் ஃபால்ட்டாகவே முடியும்.

ஒரு மாலையின் அளவு

"இந்த வாரம் ஃபைல் சிஸ்டம்" என்று எழுதி வைத்தால் வாரக் கடைசியில் தோல்விதான் மிஞ்சும். வேலையை, உட்கார்ந்த அன்றே கண்ணால் பார்க்கக் கூடிய துண்டாக வெட்ட வேண்டும். ஃபைல் சிஸ்டத்தையே எடுப்போம். எக்ஸ்ட்2வில் தொடங்காதீர்கள், டிஸ்க் டிரைவரிலும் வேண்டாம். ஒரு டார் ஃபைலைப் பூட்லோடர் மெமரியில் ஏற்றித் தரட்டும். முதல் மாலை: அதன் முகவரியைச் சீரியலில் அச்சிட்டு, 257ஆவது பைட்டில் 'யுஸ்டார்' என்ற எழுத்துகள் இருப்பதைப் பாருங்கள். இரண்டாம் மாலை: தலைப்பு 512 பைட்டு, பெயர் தொடக்கத்திலேயே 100 பைட்டு, முதல் ஃபைலின் பெயரை அச்சிடுங்கள். மூன்றாவது: 124ஆவது பைட்டில் அளவு இருக்கிறது, எட்டடிமான (ஆக்டல்) எண்ணின் எழுத்துகளாக, அதைச் சாதாரண எண் என்று படிப்பதுதான் இங்கே நடக்கும் தப்பு. அளவை 512க்கு மேல்நோக்கி முழுமையாக்கித் தாண்டினால் அடுத்த தலைப்பு. அன்றே எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்துவிடும். நான்காம் மாலை ஷெல்லில் ஒரு ஃபைலைத் திறந்து காட்டலாம். டிஸ்க்கே இல்லாமல் ஃபைல் சிஸ்டம் கிடைத்துவிட்டது. டிஸ்க் டிரைவர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

மெமரியும் அப்படியே. முதலில் முன்னோக்கி மட்டும் நகரும் அலகேட்டர், பத்து வரி, விடுவிக்கும் வசதி வேண்டாம். பிறகு பக்கங்களுக்கு ஒரு பிட்மேப். கியூஎமு சும்மா கொடுக்கும் 128 எம்பியில் 4096 பைட்டுப் பக்கங்கள் 32768. பக்கத்துக்கு ஒரு பிட் என்றால் பிட்மேப் சரியாக 4096 பைட்டு, அதாவது ஒரே பக்கம். கெர்னலும் அந்த டார் ஃபைலும் இருக்கும் பக்கங்களை 'எடுத்தாச்சு' என்று குறிக்க மறந்தால், அலகேட்டர் உங்கள் கெர்னலையே எடுத்து உங்களிடம் கொடுக்கும்.

மாலை முடியும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வரியில் ஒரு ஃபைலில் எழுதி, கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்யுங்கள். 'பேஜிங் தொடரணும்' என்று எழுதாதீர்கள். 'மேப் ஃபங்ஷனில் இரண்டாம் நிலை டேபிளைப் பூஜ்யமாக்கவில்லை, அதைச் செய்து டெஸ்ட் ஓட்டு' என்று எழுதுங்கள். அலுவலகம், கல்லூரி முடிந்து களைத்து வருபவருக்கு முதல் பத்து நிமிஷத்தில் செய்ய ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும்.

நடுவில் ஒரு பரிசு: தமிழ்

'என்னப்பா, கருப்புத் திரையையே பார்த்துட்டு இருக்கே?' என்று வீட்டில் அம்மா கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். பேஜ் டேபிளைக் காட்ட முடியாது. மூன்று கனமான வேலைக்கு ஒரு காட்டத்தக்க வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: கடிகாரம், பாம்பு விளையாட்டு, அல்லது எல்லாவற்றையும் விடச் சிறந்தது, சொந்தக் கெர்னலில் தமிழ் எழுத்து.

பழைய 80×25 டெக்ஸ்ட் முறையில் இது நடக்காது. பூட்லோடரிடம் ஃபிரேம்பஃபர் (திரையின் ஒவ்வொரு புள்ளிக்குமான மெமரி) கேளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த எழுத்துருவை, லினக்ஸில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டால் 32×24 புள்ளிப் படங்களாக மாற்றி அரேயாகச் சேர்க்கலாம். உயிர் 12, ஆய்தம், அகர மெய் 18, புள்ளி வைத்தவை 18, இ-ஈ-உ-ஊ வரிசைகள் 72, தனித்து நிற்கும் குறிகள் 5: மொத்தம் 126 படங்கள். ஒன்றுக்கு 96 பைட்டு, எல்லாம் சேர்த்து 12 கேபி. கிரந்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இகர உகர வரிசைகளை முழுப் படமாக வைப்பதற்குக் காரணம், கு, சு, டு, னு எல்லாவற்றிலும் குறி வெவ்வேறு விதமாக ஒட்டுகிறது. கணக்குப் போட்டு ஒட்டவைப்பதைவிட அட்டவணை எளிது. ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தையும் சேர்த்துவையுங்கள். 'ர'வுக்கும் 'ணூ'வுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் படிக்க முடியாது.

யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு. சோதனைக்குச் 'சேலம்' நல்ல சொல். ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட்டு. நினைவகத்தில் ச முதலில் வரும், திரையில் கொம்பு முதலில் வர வேண்டும். வந்த வரிசையிலேயே வரைந்தால் கொம்பு ல-வுக்கு முன்னால் போய் ஒட்டி 'சலேம்' என்று தெரியும். ஆகவே மெய்யைப் படித்ததும் வரையாமல், அடுத்த குறியீட்டையும் பார்த்துவிட்டு வரையுங்கள். அடுத்து 'ஏற்காடு': ஏழு குறியீடு, 21 பைட்டு, புள்ளியும் காலும் டு-வும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஒகர ஓகாரக் குறிகள் சில ஃபைல்களில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கும். இரண்டையும் ஏற்க வேண்டும். ஐந்தாறு மாலையில் முடிகிற வேலை. பார்ப்பவர்கள் படிக்கக் கூடிய ஒன்று திரையில் வந்தபின், அடுத்த மாதத்துக் கனமான வேலைக்கு வேண்டிய தெம்பு அதிலிருந்தே வரும்.

மற்றவர்களைப் பார்த்து மனம் சோர்ந்தால்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தன் பொழுதுபோக்கு ஓஎஸ்ஸை அறிவித்தபோது அவருக்கு 21 வயது. அதைச் சொல்பவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை: மினிக்ஸ் என்ற முழு சிஸ்டம் அவர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, குனு திட்டத்தின் பாஷும் ஜிசிசியும் தயாராக இருந்தன, அவர் எழுதியது கெர்னல். அந்தக் கெர்னல் 1.0 ஆனது 1994 மார்ச்சில். அதற்குள் பலர் சேர்ந்துவிட்டார்கள். 2018ல் செரினிட்டிஓஎஸ்ஸைத் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் கிளிங் அதற்கு முன்பே ஆப்பிளில் வெப்கிட் பிரவுசர் இன்ஜினில் வேலை பார்த்தவர். அவர்களுடைய கோடைப் படியுங்கள். அவர்களுடைய காலண்டரோடு உங்கள் காலண்டரை ஒப்பிடாதீர்கள்.

'எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சுத்தமாக மறுபடி எழுதலாம்' என்ற எண்ணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். பெரும்பாலும் அது, இப்போது கையில் உள்ள கடினமான பிழையிலிருந்து தப்பிக்கும் வழி. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: டெஸ்டுகள் உள்ள பகுதியை மட்டும்தான், ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் மாற்றி எழுதலாம்.

மின்சாரம், மலை, நிஜ மெஷின்

யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கமிட் செய்த நொடியில் மின்சாரம் போனால், கிட்டுக்குள் காலியான ஆப்ஜெக்ட் ஃபைல்கள் நின்று களஞ்சியமே திறக்காமல் போவதுண்டு. ஒரு பென்டிரைவில் இன்னொரு களஞ்சியம் வைத்து ஒவ்வொரு மாலையும் அதற்கு புஷ் செய்யுங்கள். இணையம் கிடைக்கும்போது வெளியேயும் அனுப்புங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு இணையம் நிச்சயமில்லை. இன்டெல் கையேட்டின் மூன்றாம் தொகுதி, எக்ஸ்வி6 மூலமும் அதன் விளக்க நூலும், கம்பைலர் மூலங்கள் ஆகியவற்றை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கையேடு பல ஆயிரம் பக்கம், முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. பேஜிங், இன்டரப்ட் அத்தியாயங்களே முதல் வருஷத்துக்குப் போதும். கோடை மழையில் மலையில் இடி இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

நிஜ மெஷினில் ஓட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். கியூஎமு தரும் ரேம் பூஜ்யமாக இருக்கும், நிஜ ரேமில் குப்பை இருக்கும். மதிப்பு வைக்காமல் விட்ட மாறிகள் அங்கேதான் பிடிபடும். செகண்ட் ஹேண்ட் கடையில் பழைய டெஸ்க்டாப் வாங்கினால் பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் மைக்ரோகன்ட்ரோலருக்கான 3.3 வோல்ட் டிடிஎல் அடாப்டரைச் செருகக் கூடாது; சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் 12 வோல்ட் வரை இரு திசையிலும் போகும், அடாப்டர் கருகிவிடும். ஆர்எஸ்-232 அடாப்டரும் நல்-மோடம் கேபிளும் வேண்டும். யூஎஸ்பியில் இமேஜை எழுதும்போது எந்த டிஸ்க் என்று எழுதுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பாருங்கள். டிடி கட்டளை கேள்வி கேட்காமல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கையும் அழிக்கும்.

விட்டுத் திரும்பி வருவது

தேர்வு, வேலை, கல்யாணம், உடம்பு என்று ஏதோ ஒன்றில் மூன்று மாதம் விட்டுப்போகும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்பவர்கள் திரும்ப வருவதில்லை. முதல் நாள் புதிதாக ஒரு வரியும் எழுதாதீர்கள். மேக் டெஸ்ட் மட்டும் ஓட்டுங்கள். இடையில் சிஸ்டத்தை அப்டேட் செய்திருந்தால் கம்பைலர் மாறி இங்கேயே உடையும். எந்தப் பதிப்பில் கட்டினீர்கள் என்பதைக் களஞ்சியத்திலேயே எழுதி வைத்திருந்தால் அரை மணியில் சரியாகும். இரண்டாம் நாள் ஒரு பழைய ஃபைலைத் திறந்து, புரியாத இடத்தில் கமென்ட் எழுதுங்கள். உங்களுக்கே புரியாதது எது என்று இப்போதுதான் தெரியும். மூன்றாம் நாள், விட்டுப்போன அன்று எழுதிய அந்த ஒரு வரியை எடுத்து, அதை மட்டும் செய்யுங்கள்.